வெயில் மறைக்கப் போன இடங்கள்

திருகோணமலையில் சூரியனோடு சண்டை பிடித்துச் சம்பளம் வாங்குகிறவர்கள் கனபேர் இல்லை. அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. கண்ணாடி யன்னல்களுக்கு மோட்டர் வைத்த திரை பூட்டுவது எங்கள் தொழில். கூரை ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சர் இருக்கும். வெயில் கண்ணாடியில் ஏறினால் அது மோட்டருக்குச் சொல்லும், திரை தானாக இறங்கும். வெயில் விலகினால் தானாக ஏறும். அறைக்குள் சூடு குறையும், ஏசி மூச்சு வாங்காது, கரண்ட் பில்லும் கொஞ்சம் தாழும். நான் முதலில் கடையொன்றில் கர்ட்டன் தைத்துக்கொண்டிருந்தவள். கரண்ட் கட்டணம் ஏறின பிறகு ஆட்கள் பூப்போட்ட துணியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, "இது தானா இறங்குமோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். நானும் தையல் மெஷினை மூடிவிட்டு வயரிங் படிக்கப் போனேன்.

மோட்டரும் வயரும் என் பாடு. ஏணியும் துளை போடுகிற மெஷினும் நவ்பரின் பாடு. நவ்பர் மூதூர்க்காரன், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளமை, வாய் ஓயாத ஆள். இருவருமாக இந்தக் கரையில் ஏறாத மாடி குறைவு.

பிறத்தியார் வீட்டுக்குள் போய் வேலை செய்து பிழைக்கிறவர்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், வயரிங் செய்கிறவரோ, தண்ணீர்க் குழாய் பூட்டுகிறவரோ, பிரிட்ஜ் திருத்துகிறவரோ, உங்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. சாமானைப் பூட்டிவிட்டு வரத்தான் போகிறோம். வரும்போது அந்த வீட்டுக் கவலையில் ஒரு துண்டு எங்கள் பைக்குள் ஏறி வந்துவிடுகிறது.

விடியல் பார்க்க வந்தவர்கள்

உப்புவெளிக் கடற்கரையில் ஒரு ஹோட்டல். சாப்பாட்டு மண்டபத்தின் கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. காலைச் சாப்பாட்டு நேரம் உள்ளே போனால் இடியப்பத் தட்டோடு சேர்ந்து நாங்களும் அவிவோம். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஏசியைக் கூட்டிக் கூட்டி எனக்கு விசர் பிடிக்குது, ஏதாவது செய்யுங்கோ" என்றார். நானும் நவ்பரும் போய், சுவர் நீளத்துக்கும் நல்ல வெள்ளைத் திரை பூட்டி, சென்சரையும் பொருத்தி, ஒருமுறை இறக்கி ஏற்றிக் காட்டிவிட்டு வந்தோம்.

அடுத்த நாள் விடியப்புறமே போன் அடித்தது. முதல்நாள் இரவு வந்து இறங்கிய வெள்ளைக்காரர் கூட்டமொன்று கோப்பிக் கோப்பையோடும் கமராவோடும் கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நின்றிருக்கிறது. கடலின் விளிம்பில் சிவப்பாக ஒரு கீற்று வந்ததுதான் தாமதம், எங்கள் திரை அத்தனையும் ஒரே நேரத்தில் அழகாக இறங்கிவிட்டது. சூரியன் வந்ததைச் சென்சர் மிகச் சரியாகவே கண்டுபிடித்திருந்தது. நான் ஓடிப்போய், சூரியன் நன்றாக மேலே ஏறின பிறகு மட்டும் வேலை செய்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். மனேஜர் பக்கத்தில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, நாங்கள் இஞ்ச விக்கிறதே அந்த ஒரு சூரியனைத்தான். அதையும் மூடிப்போட்டா வந்த சனத்துக்கு நான் என்னத்தைக் காட்ட?"

யோகராசா அண்ணன்

அதே ஹோட்டலில் யோகராசா அண்ணன் என்று ஒருவர் இருந்தார். ஐம்பது தாண்டினவர். வெயில் வர மண்டபத்து மூங்கில் தட்டிகளைக் கயிற்றில் இறக்குவதும், வெயில் போகச் சுருட்டிக் கட்டுவதும், இடையில் கதிரை மேசை துடைப்பதும் அவருடைய வேலை. நாங்கள் பூட்டின நாட்களில் நவ்பருக்கு ஏணி பிடித்தது அவர்தான். பழைய தட்டிகளைத் தானே அவிழ்த்து, தூசு தட்டி, பின்பக்கம் கொண்டுபோய் அடுக்கினார். தேத்தண்ணியும் அவர்தான் கொண்டுவந்து தந்தார். அவருடைய வேலையைத்தான் நாங்கள் கழற்றிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு இரண்டாம் நாள்தான் உறைத்தது. அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

வேலை முடிந்து சாமான் ஏற்றும்போது வாசல்வரை கூடவே வந்தார். சேர்ட் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டு, "பிள்ளை, அந்த ரிமோட் பட்டனை அமத்துறதுக்கு ஒரு ஆள் வேணும் எண்டு மனேஜரிட்ட ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன்" என்றார். நான் திரும்பி உள்ளே போய்ச் சொன்னேன். துணி துடைக்க, மோட்டர் பழுதானால் பார்க்க, ஒரு ஆள் நிற்பது நல்லது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். மனேஜர் கெட்டவர் அல்ல. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். "ஆள் வேணுமெண்டா நாங்கள் ஏன் தங்கச்சி இதை வாங்கினம்?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

வாசலுக்குத் திரும்பி வந்தபோது யோகராசா அண்ணன் ஏணியை எங்கள் வானின் மேல் கட்டி முடித்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டின முடிச்சை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். "பரவாயில்லை பிள்ளை. நீங்கள் உள்ள போய்க் கேட்டதே போதும்."

மேல்மாடி வார்ட்டில் கடைசி யன்னல்

துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரி. மேல்மாடி வார்ட்டுக்கு மேற்குப் பக்கம் முழுக்க யன்னல். பின்னேர வெயில் நேரே கட்டில்களில் விழும். நாங்கள் திரை பூட்டின பிறகு வார்ட் குளிர்ந்தது, நேர்ஸ்மாருக்கும் சந்தோஷம். கொஞ்ச நாளில் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். மோட்டர் இறுகிவிட்டது என்று நினைத்து ஓடினேன். மோட்டரில் ஒரு பிழையும் இல்லை. கடைசிக் கட்டிலில் கிடந்த அருளப்பு ஐயாவின் மனைவி திரேசம்மாதான் என்னைப் பார்க்கவேண்டும் என்று நின்றாராம்.

அருளப்பு ஐயா துறைமுகத்தில் பெரிய கப்பல்களை உள்ளே இழுத்து வருகிற டக் படகு ஓட்டியவர். ஈரலில் வருத்தம். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொன்னபோது, வீட்டிலிருந்து கடல் தெரியாதென்று அவரே மாட்டேன் என்றாராம். நான் போன நேரம் அவருக்குப் பேச்சும் நின்றுவிட்டிருந்தது. பின்னேரம் டக் படகுகள் ஓடுகிற நேரம் கண் மட்டும் யன்னலுக்குப் போகும். எங்கள் திரையும் அந்த நேரத்தில்தான் இறங்கும். "திரை இறங்கேக்க இவற்ற கண்ணும் அதோடயே கீழ இறங்குது, பிள்ளை. என்னாலை அதைப் பாக்க ஏலாமக் கிடக்கு" என்றார் திரேசம்மா. பொறுப்பு நேர்ஸ் யோசித்தார். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்தவர், "என்ர பக்கம் வெயில் வந்தாப் பரவாயில்லை மிஸ், திறந்துவிடுங்கோ" என்றார். அந்த ஒரு யன்னலை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்துவிட்டேன். மற்றத் திரைகள் எல்லாம் இறங்கின. அது மட்டும் இறங்கவில்லை. வெயில் ஐயாவின் முழங்காலில் விழுந்தது. திரேசம்மா ஈரத் துவாய் ஒன்றை அதன்மேல் விரித்துவிட்டு, கதிரையைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, தானும் அவர் பார்க்கிற பக்கமே பார்த்தபடி இருந்தார்.

மாரி தொடங்க, துப்புரவு வேலைக்காகத் திரும்பப் போனேன். கடைசிக் கட்டிலில் புது விரிப்பு இழுத்து விரித்திருந்தது. பக்கத்துக் கட்டிலிலும் வேறு ஆள். மருந்துத் தட்டோடு போன நேர்ஸ் பிள்ளை என்னைக் கண்டு நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அக்கா, அந்த யன்னலை இனி மற்றதுகளோட சேத்துவிடுங்கோ."

பூரணம் அம்மாவின் மகள்

சம்பூரில் பூரணம் அம்மா தனிய இருக்கிறார். இடம்பெயர்ந்து, முகாம் முகாமாகக் கிடந்து, அவர் பழைய காணிக்குத் திரும்பி வந்தபோது நின்றது கிணறு மட்டும்தான். மகள் சுகந்தி அவுஸ்திரேலியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவள்தான் வீடு கட்டிக் கொடுத்தாள். அம்மாவுக்குப் பிரஷர், சூடு ஆகாது என்று ஏசியும் போட்டாள். ஏசி தின்கிற கரண்டைக் குறைக்க எங்களைப் பிடித்து மேற்கு யன்னல்களுக்குத் திரையும் போடுவித்தாள். அப்போது சென்சர் வைக்கவில்லை. சுகந்தி தன் போனிலிருந்தே திரையை இறக்குவாள், ஏற்றுவாள். மோட்டர் மெல்ல உறுமத் தொடங்கியதும் பூரணம் அம்மா செய்கிற வேலையை விட்டுவிட்டு யன்னலைப் பார்ப்பார். "ம், வேலையால வந்திட்டாள்" என்பார். கதைக்க நேரம் கிடைக்காத நாட்களிலும் அந்த உறுமல் வந்துவிடும்.

கொஞ்ச மாதத்தில் சுகந்தி எனக்குப் போன் எடுத்தாள். "அக்கா, எனக்கு இப்ப ரெண்டு வேலை. நான் மறந்துபோற நாளில வீடு சூடாகி ஏசி நிக்காம ஓடுதாம். தானா இறங்கிற மாதிரிச் செய்துவிடுங்கோ." பிறகு, "அம்மாட்ட மட்டும் சொல்லாதேங்கோ அக்கா" என்றாள். அவள் அழுகிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தூரத்துப் போனில் அது சரியாகத் தெரிவதில்லை. நாங்கள் போய் ஓட்டு ஓரத்தில் சென்சரைப் பூட்டினோம். பூரணம் அம்மா கேட்டதற்கு, மழைத்தண்ணி இறங்காமல் இருக்க ஒரு சாமான் என்று நவ்பர் சொல்லிவைத்தான்.

அடுத்த முறை போனபோது அவர் எங்களுக்குப் பனங்காய்ப் பணியாரம் சுட்டு வைத்திருந்தார். முகத்தில் நல்ல தெளிவு. முந்தி மகள் சில நாள் மறந்துபோவாள், இப்போது ஒரு நாளும் பிந்துவதில்லை, அவ்வளவு வேலைக்குள்ளும் தாயை நினைக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போனார். ஏணியில் நின்று சென்சரைத் துடைத்துக்கொண்டிருந்த நவ்பர் என்னைப் பார்த்தான். நான் பணியாரத்தைப் பார்த்தேன். பூரணம் அம்மா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "மழை இருட்டின நாளில இறக்கமாட்டாள், பிள்ளை. அவ்வளவு தூரத்தில இருந்தும் சம்பூர் வானத்தைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறாள்."

மலர்ச்சாலையில் ஒரு பகல்

டவுனுக்குள் ஒரு மலர்ச்சாலை. செத்தவர்களை வைத்து அஞ்சலி செய்கிற மண்டபத்துக்குக் குளிர் வேண்டும், சனம் நிரம்பினால் குளிர் நிற்காது. அதனால் அவர்களும் எங்கள் திரைகளைப் போட்டிருந்தார்கள். மேகம் துண்டு துண்டாக ஓடின ஒரு பகல், உரிமையாளர் பதறிக்கொண்டு போன் எடுத்தார். ஒவ்வொரு மேகத்துக்கும் திரை ஏறி இறங்குகிறது, சனம் அழுவதை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கிறது, உடனே வாருங்கள் என்றார்.

குச்சவெளி றோட்டில் மோட்டர்சைக்கிள் விபத்தில் போன ஒரு பிள்ளை. இருபது வயது இருக்கும். கம்பஸ் படிப்புக்கு எடுபட்டிருந்தவனாம். மண்டபம் முழுக்க அவனுடைய வயதுப் பிள்ளைகள், வெள்ளைச் சேர்ட்டோடு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். நானும் நவ்பரும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாகப் போனோம். சென்சரை நிறுத்தினேன். எல்லாவற்றையும் முழுதாக இறக்கிவிடச் சொல்லி உரிமையாளர் கையால் காட்டினார். இறக்கினேன். கடைசித் திரையும் தாழ, பெட்டியின்மேல் கிடந்த வெயில் மெல்லச் சுருங்கி அவன் முகத்தை விட்டுப் போனது. அதுவரை சத்தமே இல்லாமல் தலைமாட்டில் இருந்த தாய் எழும்பினாள். என்னிடம் வந்து, கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தாள். கத்தவில்லை. ஒரு கடையில் சாமான் மாற்றித் தரும்படி கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அதை மூடாதேங்கோ, பிள்ளை. லைற்றை அணைச்சா அவன் நித்திரை கொள்ளமாட்டான்."

அன்றைக்கு ஏசி எவ்வளவு கரண்ட் குடித்தது என்று யாரும் கேட்கவில்லை.

நவ்பர்

துறைமுகப் பக்கம் ஒரு கொம்பனியின் நாலாம் மாடி. வேலை என்று பார்த்தால் சிறியது. ஆனால் நவ்பருக்கு அந்த இடம் பிடிக்கும். ஏணியின் உச்சியில் நின்று வெளியே பார்த்தால் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர்க் கரை கோடாகத் தெரியும். "அந்தா, அந்த மரக்கூட்டத்துக்குப் பின்னால எங்கட ஊடு" என்று எனக்குக் காட்டுவான். எனக்கு ஒரு மரக்கூட்டமும் தெரியாது. இருந்தாலும் ஓம் என்பேன். அந்த வீட்டுக்கு அப்போதும் தகரக் கூரைதான். பிறந்து கொஞ்ச நாளான மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசுகிற மாதங்களில் அவனும் மனைவியும் மாறி மாறி விசிறிக்கொண்டு விடியும்வரை இருப்பார்களாம். மிஞ்சின திரைத் துண்டுகளை ஒட்டித் தைத்துக் கூரைக்குக் கீழே கட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் உதவினதாகச் சொன்னான். என் மனம் ஆறட்டும் என்று சொன்னானோ தெரியாது.

கூரைக்கு ஓடு போடவேண்டும் என்று கட்டாருக்குப் போனான். அங்கேயும் இதே வேலைதான், எங்கள் திரைகளைவிடப் பெரியவை, கட்டடங்களும் முகில் முட்ட நிற்பவை. போவதற்கு முதல் நாள் தன்னுடைய துளை போடுகிற மெஷினை எண்ணெய் போட்டுத் துடைத்து என்னிடம் தந்துவிட்டுப் போனான். இப்போது என்னோடு வேறு ஒருவர் வருகிறார். நல்ல வேலைக்காரர், ஆனால் கதைக்கமாட்டார். ஏணிக்கு மேலிருந்து ஒரு சத்தமும் வராத நாட்களில் நான் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நவ்பர் போன் எடுத்தான். அவனுக்கு அன்றைக்கு லீவு. வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று, மகள் இப்போது நடக்கிறாள், வீடியோவில் வாப்பா என்று போன் கண்ணாடியைத் தொட்டாள் என்று ஒரே மூச்சில் சொன்னான். சந்தோஷமான செய்திகள்தான். நானும் சந்தோஷமாகத்தான் கேட்டேன். சம்பூர் அம்மா எப்படி என்று விசாரித்தான். இருக்கிறார் என்றேன். அவனுக்குப் பின்னால் ஏசி இரைகிற சத்தம் கேட்டது. போனை வைக்கப் போகிறான் என்று நினைத்தபோது சொன்னான்: "அக்கா, இங்க எவ்வளவு உசரத்தில ஏறினாலும் மணல்தான் தெரியிது. புள்ள எந்தப் பக்கம் இரிக்கிறா எண்டு திரும்பிப் பாக்கவும் எனக்குத் தெரியல்ல."

சென்சர் வெயிலை அளக்கிறது, மோட்டர் திரையை இறக்குகிறது, கட்டடம் கரண்டை மிச்சம் பிடிக்கிறது. பைக்குள் ஏறி வந்த கவலைகளை இழுத்து மூடிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிற வேலை மட்டும் இன்னமும் கையால்தான் நடக்கிறது.